நாயின் கண்ணில் காயம்: கத்தியின்றிக் காக்கும் வழி

வீட்டில் வளரும் நாயின் கண்ணில் அடிபட்டுவிட்டால், நம்மிடையே இருவகை எண்ணங்கள் எழுவது வழக்கம். "நாய்தானே! நக்கித் தானே ஆற்றிக்கொள்ளும்" என்று வாளா இருந்துவிடுவோர் ஒரு சாரார். "கண் போயிற்று, இனி அறுவைச் சிகிச்சைதான், அது நம்மால் ஆகுமா?" என்று மனம் சோர்ந்து ஒன்றும் செய்யாதிருப்போர் மற்றொரு சாரார். நாய் தன் உடலில் நக்க இயலாத சில இடங்களுள் கண்ணும் ஒன்று என்பதை முதல் சாரார் மறந்துவிடுகின்றனர். கத்தி வைக்காமலே ஆற்றத்தக்க காயங்கள் பல உண்டு என்பதை இரண்டாம் சாரார் அறியார். எண்ணங்கள் வேறாயினும் முடிவு ஒன்றே: காலம் கடக்கிறது; கண் போகிறது.

நான் மருத்துவன் அல்லேன். ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் சொல்வது என் தொழில். கால்நடைக் கண் மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செய்திகளை, தமிழகத்திற்கு வெளியே சிறு குடியிருப்புகளில் நாய் வளர்க்கும் நம்மவர்க்கு எட்டுமாறு சொல்ல முற்படுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம். கத்தியில்லாச் சிகிச்சை என்பது மருத்துவர் இல்லாச் சிகிச்சை அன்று. கத்தி செய்யும் வேலையை அங்கே காலமும் கவனமும் சொட்டு மருந்தும் செய்கின்றன, அவ்வளவே.

கடிகாரக் கண்ணாடி

கண்ணின் முகப்பில், கடிகாரத்தின் மேல் பதித்த கண்ணாடி போல, ஒளி ஊடுருவும் படலம் ஒன்று அமைந்துள்ளது. இதனைக் கார்னியா என்பர். நாயின் கண்ணில் இதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. அதற்குச் சற்று மிகலாம். இத்துணை மெல்லிய படலத்துள்ளும் அடுக்குகள் உண்டு. மேலே மெல்லிய தோல். அதன் கீழே கொலாஜன் என்னும் புரத இழைகள் பாய் பின்னியது போல் ஒழுங்காக அடுக்கப்பெற்ற நடுப்பகுதி. கார்னியாவின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்நடுப்பகுதியே. அதற்கும் கீழே டெஸிமெட் சவ்வு என்னும் நுண்ணிய திரை. எல்லாவற்றிற்கும் அடியில், உட்புகும் நீரை இடையறாது இறைத்து வெளியேற்றும் ஒற்றை வரிசை உயிரணுக்கள்.

இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. அவை இருந்தால் ஒளி தடைப்படும் அன்றோ? கண்ணீரும், கண்ணுக்குள் நிறைந்துள்ள தெளிநீருமே இதற்கு உணவும் பிராணவாயுவும் அளிக்கின்றன. பார்வையின் தெளிவுக்குக் காரணமான இவ்வமைப்பே, காயம்பட்ட காலத்தில் குறையாகவும் ஆகிறது. உடலின் பிற இடங்களில் காயம் பட்டால் இரத்தம் விரைந்து வந்து காக்கிறது. கார்னியாவுக்கு அவ்வுதவி உடனே வந்து சேராது. ஆனால் உணர்ச்சி நரம்புகளோ இதன் மேற்பரப்பில் மிகச் செறிந்துள்ளன. ஆதலின் சிறு கீறலும் கடும் வேதனை தரும். சில வேளைகளில் ஆழமான புண்ணைவிட மேலெழுந்த கீறலே மிகுதியாக வலிக்கும். நாய் அமைதி அடைந்துவிட்டது என்பதனால் காயம் ஆறிவிட்டது என்று கொள்ளலாகாது.

எவ்வாறு நேர்கிறது? எவ்வாறு அறிவது?

பூனையின் நகம், முட்செடி, புல்லின் கூரிய விதை, குளிப்பாட்டும்போது புகுந்த சோப்பு, ஹோலிப் பண்டிகையில் தூவிய வண்ணப்பொடி, தீபாவளிக்கு முன் சுவருக்குப் பூச வைத்திருக்கும் சுண்ணாம்பு: இவை யாவும் நாயின் கண்ணைப் புண்ணாக்க வல்லவை. பக், ஷீட்சூ, பெக்கினீஸ் முதலான தட்டை முக நாய்களுக்கு இடர் இன்னும் மிகுதி. அவற்றின் விழிகள் ஆழமற்ற குழியில் புடைத்து நிற்கின்றன. உறக்கத்தில் இமைகள் முழுதும் மூடாதிருத்தலும் உண்டு. மேலும், இவ்வகை நாய்களின் கார்னியாவுக்கு உணர்ச்சி சற்றுக் குறைவு. ஆதலின் புண் பெரிதாகும் வரை அவை வேதனையை வெளிக்காட்டாமல் இருக்கக்கூடும்.

கண் வலி கொண்ட நாய் பெரும்பாலும் முனகுவதில்லை. அது ஒரு கண்ணைச் சுருக்கும்; கண்ணீர் வடிக்கும்; முன்னங்காலாலோ தரைவிரிப்பிலோ முகத்தைத் தேய்க்கும்; வெளிச்சத்தை வெறுத்து மேசையின் அடியில் ஒதுங்கும். வெண்விழி சிவக்கும், கார்னியாவின் மேல் நீலம் கலந்த மங்கல் படரும். மூக்கோரத்திலிருந்து இளஞ்சிவப்பான சதை போன்ற ஒன்று எழுந்து கண்ணை மறைப்பதும் உண்டு. அது புதிதாக வளர்ந்த கட்டி அன்று; நாய்க்கு இயல்பாக அமைந்த மூன்றாம் இமை. வலிக்கும் கண்ணைக் காக்க அது முன்வந்து நிற்கிறது. இவ்வறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். நாளை என்று ஒத்திவைப்பதற்கு இடமில்லை.

முதல் ஒரு மணி நேரம்

கண்ணில் பொடியோ சோப்போ பட்டிருந்தால், உப்புக் கரைசலாகிய சலைன் கொண்டு, அது இல்லையெனில் தூய நீர் கொண்டு, மெல்லக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு பட்டிருந்தால் செய்தி வேறு. சுண்ணாம்பு காரப்பொருள், மேலே எரித்ததோடு நில்லாமல் உள்ளே ஊறிச் சென்றுகொண்டே இருக்கும். ஆகவே அரை மணி நேரமாயினும் விடாது நீர் வார்த்தல் வேண்டும். இமைகளின் அடியில் ஒட்டியுள்ள துகள்களும் வெளியேற வேண்டும். வடமாநிலங்களில் இருப்போர் மருத்துவரிடம் 'சூனா' என்று சொன்னால் அவர் உடனே புரிந்துகொள்வார். முள்ளோ விதையோ கண்ணில் குத்தி நின்றால் அதனைப் பிடுங்குதல் கூடாது. துளையை அடைத்துக் கொண்டிருப்பது ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

அடுத்து, நாய் கண்ணைத் தேய்க்காதபடி தடுக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிப் புனல் வடிவில் அணிவிக்கும் பிளாஸ்டிக் வளையம் மருந்துக் கடைகளில் கிடைக்கும். இதனைவிட மலிவானதும் பயன் மிக்கதுமான கருவி இச்சிகிச்சையில் வேறில்லை. பத்து நாள் மருந்து ஆற்றியதை ஒரு நொடியில் ஒரு நகம் கிழித்துவிடும். வேதனையில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுதல் நன்று. கடித்துவிட்டால், புண்ணைப் பதினைந்து நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, வெறிநோய்த் தடுப்பூசி குறித்து உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூவின் சாறு ஆகியவற்றைக் கண்ணுக்கு விடுவது நம் வீடுகளில் வழிவழி வந்த பழக்கம். கார்னியாவில் திறந்த புண் இருக்கையில் இவற்றுள் எதுவும் வேண்டா. இவற்றோடு சேர்ந்து கிருமிகளும் உட்புகக்கூடும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று நம் அலமாரிகளிலேயே உள்ளது. நமக்கு எப்போதோ கண் சிவந்தபோது வாங்கி, மிச்சம் வைத்த சொட்டு மருந்துப் புட்டியே அது. இத்தகைய மருந்துகள் பலவற்றில், கிருமிகளைக் கொல்லும் பொருளுடன் ஸ்டீராய்டு என்னும் பொருளும் கலந்திருக்கும். சிவப்பையும் வீக்கத்தையும் ஸ்டீராய்டு விரைவில் அடக்கும். பார்ப்பவர்க்குக் குணமானது போலவே தோன்றும். ஆனால் புண் மூடுவதை அது தடுக்கிறது; கார்னியாவைக் கரைக்கும் பொருள்களுக்குத் துணையாகவும் நிற்கிறது. எனவே மருந்துப் புட்டியின் சிறு எழுத்துகளைப் படித்துப் பார்த்தல் வேண்டும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்னும் பெயர்களுள் ஒன்று அங்கே காணப்படின், புண்ணுள்ள கண்ணில் அம்மருந்தை விடலாகாது. நாம் உட்கொள்ளும் வலி மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுத்தல் கூடாது. அவற்றுள் சில நாய்க்கு நஞ்சாகும்.

பச்சை ஒளி சொல்லும் செய்தி

மருத்துவர் முதலில் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைக் கீழிமையில் செருகி, ஒரு நிமிடத்தில் கண்ணீர் எத்துணை தூரம் ஊறுகிறது என்று அளப்பார். பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாது ஊறுதல் இயல்பு. கண்ணீர் குறைந்த கண்ணில் புண் ஆறுதல் அரிது. அக்குறையையும் சேர்த்தே போக்கியாக வேண்டும்.

அதன்பின் ஃப்ளோரஸீன் என்னும் சாயத்தைக் கண்ணில் விட்டுக் கழுவி, நீல ஒளியில் நோக்குவார். ஜெர்மானிய வேதியியலறிஞர் அடால்ஃப் ஃபான் பேயர் 1871-ஆம் ஆண்டு உருவாக்கிய இச்சாயத்திற்கு வியத்தகு பண்பு ஒன்று உண்டு. மேல்தோல் முழுதாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. தோல் உரிந்து நடுப்பகுதி வெளிப்பட்ட இடத்தில் ஊறிப் பச்சையாக ஒளிரும். ஆனால் புண் மிக ஆழ்ந்து, டெஸிமெட் சவ்வு மட்டும் எஞ்சி நிற்கும் இடத்தில் மீண்டும் ஒட்டாது. ஆகவே சுற்றிலும் பச்சை வளையமும் நடுவில் நிறமற்ற இருண்ட புள்ளியும் தெரிந்தால், கண் உடைவதற்கு ஒரு நூலிழையே எஞ்சியுள்ளது என்று பொருள். நடுவில் பச்சை இல்லையே என்று மகிழ்தற்கில்லை. அங்கே சொட்டு மருந்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

உருகும் கண்ணும் ஊநீர்ச் சொட்டும்

மேலெழுந்தவாரியான கீறல், கிருமி புகாமல் காக்கப்பட்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே மூடிவிடும். சுற்றியுள்ள தோலின் உயிரணுக்கள் நகர்ந்து வந்து வெற்றிடத்தை நிரப்புகின்றன. டோப்ராமைசின் போன்ற கிருமிக்கொல்லிச் சொட்டும், கழுத்து வளையமும் அதற்குப் போதுமானவை. வலி மிகுந்தால் அட்ரோபின் சொட்டும் விடப்படும். கண்ணுக்குள்ளிருக்கும் தசை இறுகி வலிப்பதை அது தளர்த்துகிறது. கண்ணீர் குறைந்த கண்ணுக்கும் கண்ணழுத்த நோய்க்கும் அது ஏற்றதன்று. அட்ரோபின் விட்டபின் நாய் வாயில் நுரை தள்ளினால் அஞ்ச வேண்டுவதில்லை. மருந்து தொண்டையில் இறங்கிக் கசப்பதே காரணம்.

அச்சத்திற்குரியது மற்றொரு வகை. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் புண்ணில் குடியேறினால், அவை புரதத்தைக் கரைக்கும் என்ஸைம்களைச் சுரக்கின்றன. கிருமிகளை எதிர்க்க வரும் நாயின் வெள்ளணுக்களும் அத்தகைய என்ஸைம்களையே வெளியிடுகின்றன. நண்பனும் பகைவனும் ஒரே வீட்டிற்குத் தீ வைத்தாற்போல் ஆகிறது. பாய் போல் பின்னியிருந்த கொலாஜன் இழைகள் கரைந்து, கார்னியா பாகு போல் குழைந்து சரிகிறது. இதனை உருகும் புண் என்பர். ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் கண் துளைபட்டுப் போதல் கூடும்.

இங்கேதான் கத்தியில்லாச் சிகிச்சையின் சிறந்த கருவி ஒன்று வருகிறது. அது எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படுவதன்று. நாயின் சொந்த இரத்தமே. இரத்தத்தைக் குழாயில் எடுத்து உறையவிட்டுச் சுழற்றினால், மேலே மஞ்சள் நிறத் தெளிநீர் பிரிந்து நிற்கும். இதுவே சீரம், தமிழில் ஊநீர் என்பர். ஆல்ஃபா-2 மாக்ரோகுளோபுலின் என்னும் புரதம் இதில் உள்ளது. அது கரைக்கும் என்ஸைம்களைப் பற்றிப் பிடித்துச் செயலறச் செய்கிறது. இரத்தக் குழாயற்ற கார்னியாவுக்கு இரத்தத்தின் காவலை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதே இச்சிகிச்சையின் கருத்து. அந்நாயிடம் இரத்தம் எடுக்க இயலாதாயின், நலமுள்ள மற்றொரு நாயின் ஊநீரையும் பயன்படுத்துவர்.

ஊநீர் தயாரிப்பது மருத்துவமனையின் வேலை. காப்பது நம் வேலை. அதில் கிருமியைக் கொல்லும் பொருள் எதுவும் இல்லை; மாறாக, கிருமிகள் விரும்பி வளரும் உணவே அது. ஆகவே குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். புட்டியின் முனை கண்ணிலோ கையிலோ படலாகாது. மருத்துவர் குறித்த சில நாட்களுக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பெற வேண்டும். உருகும் புண்ணுக்குத் தொடக்கத்தில் மணிக்கொரு முறையோ, இரண்டு மணிக்கொரு முறையோ, இரவிலும் விடாது ஊநீரும் கிருமிக்கொல்லியும் விட வேண்டியிருக்கும். ஒரு சொட்டுக்கும் அடுத்த மருந்தின் சொட்டுக்கும் இடையே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். இல்லையேல் முதலில் விட்டதைப் பின்னர் விட்டது கழுவிக்கொண்டு போய்விடும். களிம்பு இருந்தால் அதனைக் கடைசியில் இட வேண்டும்.

இவற்றோடு வேறு உபாயங்களும் உண்டு. நடுத்தர வயது கடந்த நாய்களுக்கு, சிறப்பாக பாக்ஸர் இன நாய்களுக்கு, வாரக்கணக்கில் ஆறாத மேலெழுந்த புண் ஒன்று வரும். புதுத்தோல் வளர்ந்தும் அடியில் ஒட்டாமல் தளர்ந்து கிடப்பதே அதன் குறை. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டை விட்டு, தளர்ந்த தோலை உலர்ந்த பஞ்சுக் குச்சியாலோ, நுண்ணிய வைரத்தூள் பதித்த சிறு சுழல்கருவியாலோ மருத்துவர் அகற்றிவிடுவார். மேலே மெல்லிய கான்டாக்ட் லென்ஸைக் கட்டுத்துணி போல் வைப்பதும் உண்டு. மரத்துப்போகச் செய்யும் அச்சொட்டை வீட்டிற்குக் கேட்டு வாங்கிவருதல் கூடாது. அடிக்கடி விட்டால் அதுவே தோலை நைந்துபோகச் செய்யும்.

இன்னொன்று ஒளிச் சிகிச்சை. ரைபோஃபிளேவின் என்னும் பி-2 வைட்டமினைக் கார்னியாவில் ஊறவிட்டுப் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால், கொலாஜன் இழைகளுக்கிடையே புதுப் பிணைப்புகள் தோன்றிப் படலம் உறுதிப்படுகிறது. மனிதரின் கண்ணோய் ஒன்றிற்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி, 2003-இல் முடிவுகள் வெளியான இம்முறையை, நாய், பூனை ஆகியவற்றின் உருகும் புண்களுக்குப் பயன்படுத்திய முடிவுகளைச் சூரிச் நகர மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்டனர். இதற்கான கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. ஊநீர்ச் சொட்டோ, இரத்தம் எடுக்கத் தெரிந்த மருத்துவர் உள்ள எவ்வூரிலும் கிட்டும்.

கத்தி வேண்டிய இடம்

இத்துணையும் சொன்ன பின், இதன் எல்லையையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. கார்னியா துளைபட்டு உள்நீர் கசிந்தால். பச்சை வளையத்தின் நடுவே இருண்ட புள்ளி தெரிந்தால். புண் படலத்தின் பாதிக் கனத்தைக் கடந்து மேலும் ஆழ்ந்துகொண்டே போனால். பூனை நகம் உள்ளிருக்கும் லென்ஸைக் கிழித்திருந்தால். இவற்றில் சொட்டு மருந்து துணை நிற்குமேயன்றித் தனித்துக் காவாது. வெண்விழியின் மேற்சவ்வில் ஒரு துண்டை இரத்தக் குழாய்களோடு திருப்பிவைத்துத் தைத்து ஒட்டுப்போடுவது போன்ற அறுவைச் சிகிச்சையே அங்கே கண்ணைக் காக்கும். அத்தகைய நிலையில் "கத்தி வேண்டா" என்று பிடிவாதம் செய்வது இரக்கமாகாது. நாயின் வேதனையை நீட்டுவதே ஆகும். விழியே குழியிலிருந்து வெளிப்பட்டுவிட்டால், நனைந்த தூய துணியால் அதனை மூடி ஈரம் காத்து, ஒரு கணமும் தாழ்க்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நாமே உள்ளே தள்ள முயலுதல் கூடாது.

வீட்டார் செய்ய வேண்டுவது

கத்தியில்லாச் சிகிச்சையில் வெற்றி தோல்வி பெரும்பாலும் வீட்டில்தான் தீர்மானமாகிறது. கணவனும் மனைவியும் அலுவலகம் செல்லும் குடும்பங்களில் மணிக்கொரு சொட்டு விடுவது எளிதன்று. முதல் இரண்டு மூன்று நாட்கள் முறைவைத்து விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரவைக் கூறிட்டுப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். அது இயலாது எனின் மருத்துவரிடம் முன்னரே வெளிப்படையாகச் சொல்லி, நாயை மருத்துவமனையிலேயே தங்கவைக்க வழியுண்டா என்று கேட்பதே நேர்மை. விடாத மருந்தை விட்டதாகச் சொன்னால், மருந்து பயன்படவில்லை என்று மருத்துவர் தவறாக முடிவு செய்ய நேரும்.

மருந்து விடுபவர் நாயின் பின்புறம் அமர்ந்து, தாடையை மெல்ல உயர்த்தி, மேலிமையைத் தூக்கி, மேலிருந்து ஒரு சொட்டு விட்டால் போதும். முன்னிருந்து கையை நீட்டினால் நாய் மிரளும்.

நாம் வாழும் ஊர்களில் மருத்துவரின் மொழி பெரும்பாலும் நம் மொழியன்று. பதற்றத்தில் தெரிந்த சொல்லும் மறந்துபோகும். ஆகவே ஒரு தாளில் ஐந்து செய்திகளைக் குறித்துச் செல்லுங்கள்: அடிபட்ட நாளும் மணியும், பட்ட பொருள், இதுவரை விட்ட மருந்துகளின் பெயர், நாயின் வயது, அதற்கு முன்பே உள்ள நோய்கள். புட்டிகளையும் உடன் கொண்டுசெல்லுங்கள். கண்ணை நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியால் படமெடுத்து வைப்பதும் மருத்துவருக்கு உதவும். அண்டையிலுள்ள மருத்துவரிடம் கண் நோய்க்கான கருவிகள் இல்லையெனில், கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளை நாடலாம். மும்பையில் பரேல், கொல்கத்தாவில் பெல்காச்சியா, பெங்களூரில் ஹெப்பாள் ஆகிய இடங்களில் முறையே 1886, 1893, 1958 ஆகிய ஆண்டுகளில் தொடங்கப்பெற்ற கல்லூரிகள் உள்ளன.

சிகிச்சை நடுவே ஒரு காட்சி பலரை அச்சுறுத்தும். ஆழமான புண்ணில் மூன்று நான்கு நாட்களுக்குப் பின், கார்னியாவின் ஓரத்திலிருந்து சிவந்த நூல்கள் புண்ணை நோக்கி ஊர்ந்து வரும். கண் கெட்டுவிட்டது என்று எண்ணி மருந்தை மாற்றிவிடாதீர்கள். முன்பு வர இயலாதிருந்த இரத்தமே இப்போது வழி சமைத்துக்கொண்டு வருகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும் அக்குழாய்கள் புண்ணை அடைந்ததும் பள்ளம் நிரம்பத் தொடங்கும். சிவப்பைப் போக்க ஸ்டீராய்டு விட்டால் அவ்வுதவியை நாமே திருப்பி அனுப்பியதாகும். நாய் கண்ணைத் திறந்துவிட்டது என்பதற்காகவும் மருந்தை நிறுத்தலாகாது. மருத்துவர் மீண்டும் சாயமிட்டுப் பார்த்து, பச்சை ஒளிராத பின்னரே நிறுத்த வேண்டும்.

ஆறிய பின் வெண்ணிறத் தழும்பு எஞ்சலாம். காலப்போக்கில் அது ஓரளவு மங்கலாம். ஒரு கண் சற்று மறைந்தாலும் நாய் வருந்துவதில்லை. மூக்கும் செவியும் கொண்டு அது உலகை நன்கு அறியும். வலியில்லாத கண்ணே அதற்கு முதல் தேவை. பார்வை அதனோடு கிட்டுமாயின் பெரும்பேறு. கத்தியா, சொட்டா என்னும் தீர்ப்பை மருத்துவர் வழங்கட்டும். அத்தீர்ப்பு வழங்கக் காலம் மிஞ்சியிருக்கும்போதே நாயை அவரிடம் கொண்டுசேர்ப்பது நம் கையில் உள்ளது.